உருகியும் ஏறாத நீர்மட்டம்

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். கடல்மட்டம் உயர்வதைக் காட்ட, கண்ணாடித் தம்ளரில் நீரூற்றிப் பனிக்கட்டிகளை மிதக்கவிட்டேன். எல்லாம் உருகியும் நீர்மட்டம் ஏறவில்லை. "அப்படியானால் கடல் எப்படி உயரும்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் தவறவில்லை. பிள்ளைகளின் கேள்வியும் அருமையான கேள்வி. மிதக்கும் பனிக்கட்டி தன் எடைக்குச் சமமான நீரை முன்பே விலக்கிவிடுகிறது. உருகிய நீர் அந்த இடத்திலேயே அடங்கிவிடும். ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனியும் ஏறக்குறைய இப்படித்தான். கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் பனி நிலத்தின்மேல் கிடக்கிறது. அது உருகி வடிந்தால் கடலுக்குப் புதுவரவு. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் கடல் சுமார் 7 மீட்டர் உயரும்.

ஆகவே பக்கத்தில் இன்னொரு தம்ளர் வையுங்கள். நீருக்கு மேலே தலை நீட்டும்படி அதில் ஒரு கல்லைப் போட்டு, அதன்மேல் அதே அளவு பனிக்கட்டியை அடுக்குங்கள். பெரும்பாலும் பிசகுவது நீர்மட்டத்தைக் குறியிடும்போதுதான்: பனிக்கட்டியை வைத்த பிறகே குறியிட வேண்டும். மிதக்கும் கட்டி அடியைத் தொடக்கூடாது. தம்ளரின் வெளிப்பக்கம் வியர்த்து மை அழிந்துவிடும். அதனால் குறிக்கு ரப்பர் வளையம் மாட்டுங்கள். அந்தத் துளிகளைத் துடைக்கும் முன், "இந்த நீர் எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். கசிந்தது என்று சிலராவது சொல்வார்கள். உள்ளே இருப்பது சாயநீராக இருந்தால், வெளித்துளியை வெள்ளைத்தாளில் ஒற்றியெடுத்தாலே போதும். அதில் நிறமே இருக்காது.

அடுத்து, எனக்கு மிகப் பிடித்த சோதனை. சாயம் கலந்து உறையவைத்த இரண்டு கட்டிகளில் ஒன்றை நல்ல நீரிலும் மற்றொன்றை உப்புநீரிலும் இடுங்கள். இரு நீரும் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்; கலக்க வேண்டாம். எது முதலில் உருகும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். உப்புநீர் என்றே பலரும் எழுதுவார்கள். உருகுவதோ நல்ல நீரில் இருப்பது. அங்கே குளிர்ந்த சாயம் இழை இழையாகக் கீழே இறங்க, வெதுவெதுப்பான நீர் கட்டியைச் சூழும். உப்புநீர் அடர்த்தி மிக்கது. உருகிய நன்னீர் மேலேயே போர்வைபோல் தங்கிக் கட்டியைக் குளிரில் காக்கும். துருவக் கடல்களில் பனி உருகிய நீர் மேற்பரப்பில் தங்குவதும் இதே காரணத்தால்தான்.

கடல் உயர இன்னொரு காரணம், சூடான நீர் விரிவது. சாயநீர் நிரம்பிய குப்பியின் வாயில் ஸ்ட்ராவைச் செருகிக் களிமண்ணால் காற்றுப் புகாமல் அடைத்து, வெந்நீர்க் கிண்ணத்தில் வையுங்கள். சில நிமிடங்களில் ஸ்ட்ராவில் நிறம் மெல்ல மேலேறும்.