ஆன்டிபாடி மீது பழி போடும் முன்

டிஎன்ஏவைச் செப்பனிடும் புரதங்களை ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) கொண்டு கண்டறிவது குறித்து வந்த கேள்விகளில் நான்கு, இந்த இதழில். முதல் மூன்றும் வெஸ்டர்ன் பிளாட் பற்றியவை: புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடி ஒட்டும் இடத்தைப் பட்டையாகப் பார்க்கும் முறை. நான்காவது, செல்லை நுண்ணோக்கியில் பார்ப்பது.

கேள்வி: எம்எல்ஹெச்1 என்ற செப்பனிடும் புரதத்துக்கு ஆன்டிபாடி புதிதாக வாங்கினோம். ஹீலா செல்களில் 85 கிலோடால்டன் (புரதத்தின் எடையளவு) பக்கம் பட்டை நன்றாக விழுகிறது. ஆய்வகத்தில் வளர்க்கும் இன்னொரு மனிதச் செல் வகையான ஹெச்சிடி116 செல்களில் சுத்தமாக இல்லை. அதே செல்களில் பிஎம்எஸ்2 ஆன்டிபாடியும் காலை வாருகிறது. இரண்டையும் திருப்பி அனுப்பிவிடலாமா?

பதில்: அனுப்பவே அனுப்பாதீர்கள். ஹெச்சிடி116 செல்களில் எம்எல்ஹெச்1 மரபணு பழுதுபட்டிருப்பதால் அந்தப் புரதம் உருவாவதில்லை. பிஎம்எஸ்2 தன் ஜோடியான எம்எல்ஹெச்1 இல்லாமல் நிலைத்திருக்காது. செல்லே அதைச் சிதைத்துவிடும். ஆகவே உங்கள் இரண்டு ஆன்டிபாடிகளும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. அந்த இடத்தில் பட்டை விழுந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6 என்ற இன்னொரு செப்பனிடும் புரத ஜோடிக்கும் இதே கதைதான். லோவோ செல்களில் எம்எஸ்ஹெச்2 கிடையாது, அதனால் எம்எஸ்ஹெச்6-உம் வெகுவாகக் குறைந்துவிடும்.

புரதம் இயல்பாகவே இல்லாத செல் கையில் இருப்பது பெரிய வரம். ஒவ்வொரு ஜெல்லிலும் ஹீலாவையும் ஹெச்சிடி116-ஐயும் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில், தலா 20 மைக்ரோகிராம் புரதமாக ஏற்றுங்கள். ஆன்டிபாடியை 1:500, 1:1000, 1:5000 என்று நீர்த்துப் பாருங்கள். ஹீலாவில் பட்டை தெளிவாகவும் ஹெச்சிடி116-இல் வெறுமையாகவும் இருக்கும் அளவே உங்களுக்கானது. ஒரு எச்சரிக்கை: எளிதாக வளர்கிறது என்பதற்காக 293டி செல்களை நேர்க் கட்டுப்பாடாக (புரதம் நிச்சயம் இருக்கும் என்று நம்பி வைக்கும் ஒப்பீடாக) வைக்கிறார்கள். அவற்றில் எம்எல்ஹெச்1 மரபணு மெத்தில் ஏற்றத்தால் (டிஎன்ஏ மீது மெத்தில் என்ற வேதித் தொகுதி ஏறுவதால்) அடங்கிக் கிடக்கிறது. நல்ல ஆன்டிபாடி பல இடங்களில் குப்பைக்குப் போவது இப்படித்தான்.

கேள்வி: 2 கிரே கதிர்வீச்சு கொடுத்து, 30 நிமிடம் கழித்து ரிபா பஃபரில் (செல்லை உடைக்கும் சோப்புக் கரைசல்) லைசேட் (உடைந்த செல்களின் சாறு) எடுத்தோம். காமா-ஹெச்2ஏஎக்ஸ் (டிஎன்ஏ அறுபட்ட இடத்தில் பாஸ்பேட் ஏறிய ஹெச்2ஏஎக்ஸ் புரதம்) 15 கிலோடால்டனில் வர வேண்டும். ஒன்றுமே இல்லை. சவ்வை 5% பாலில் பிளாக் செய்தோம் (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதபடி மூடினோம்).

பதில்: நேரம் சரி. இந்தக் குறி அரை மணி நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். தவறு சென்ட்ரிஃப்யூஜில் நடந்திருக்கிறது. ஹெச்2ஏஎக்ஸ் ஒரு ஹிஸ்டோன். டிஎன்ஏ அதைச் சுற்றியிருக்கிறது. ரிபாவில் கரையாத குரோமாட்டின் (டிஎன்ஏவும் ஹிஸ்டோனும் சேர்ந்த பொருள்) குழாயின் அடியில் கண்ணாடி போன்ற கொழகொழப்பாகப் படிந்திருக்கும். மேலே நிற்கும் தெளிநீரை எடுத்துக்கொண்டு அதைத் தூக்கி எறிந்தீர்கள் என்றால், தேடிய புரதமும் அதோடு போயிற்று.

தட்டில் இருக்கும் செல்களைக் குளிர்ந்த பஃபரில் ஒருமுறை அலசிவிட்டு, 2% எஸ்டிஎஸ் (வலுவான சோப்பு) உள்ள சாம்பிள் பஃபரைச் சூடாக நேரடியாக ஊற்றிச் சுரண்டி எடுங்கள். திரவம் கோந்து போலாகும். பிப்பெட் நுனியைத் தூக்கினால் நூலாக இழுபடும். அந்த நூல் அறும்வரை சோனிகேட்டரில் 10 நொடி வீதம் மூன்று முறை கொடுங்கள், இல்லையேல் மெல்லிய ஊசி வழியே பத்து முறை இழுத்துத் தள்ளுங்கள். இதைச் செய்யாமல் ஏற்றினால் சாம்பிள் குழியில் இறங்காமல் மிதந்து பக்கத்துக் குழிக்குப் போய்விடும். ரிபாவை விட மனமில்லை என்றால் டிஎன்ஏவை வெட்டும் பென்சோனேஸ் நொதி சேர்க்கலாம். ஆனால் அதற்கு மெக்னீசியம் வேண்டும், ரிபாவில் உள்ள இடிடிஏ மெக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இடிடிஏ இல்லாத ரிபாவாகத் தயாரித்து, அதில் 10 மில்லிமோலார் சோடியம் ஃபுளோரைடும் 1 மில்லிமோலார் ஆர்த்தோவனடேட்டும் சேருங்கள். இல்லையென்றால் பாஸ்பேட்டை செல்லின் சொந்த நொதிகளே கழற்றிவிடும்.

ஜெல் 15% இருக்கட்டும். சவ்வு 0.2 மைக்ரான் பிவிடிஎஃப், 0.45 மைக்ரானில் சிறிய புரதம் ஊடுருவி மறுபக்கம் போய்விடக்கூடும். பாலை மாற்றிவிடுங்கள். பாலில் உள்ள கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம். பாஸ்போ ஆன்டிபாடிக்குப் பின்னணி கூடும். டிபிஎஸ்-ட்வீன் பஃபரில் 5% பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) போதும். ஒப்பீட்டுக்கு டியூபுலின் வேண்டாம், மொத்த ஹெச்2ஏஎக்ஸ் அல்லது இன்னொரு ஹிஸ்டோனான ஹெச்3 பாருங்கள். செல்கள் செத்துக்கொண்டிருந்தாலும் டிஎன்ஏ துண்டாகி இதே குறி ஏறும் என்பதால், மருந்து கொடுத்த செல்களில் செல் சாவின் அடையாளமான பிளவுபட்ட கேஸ்பேஸ்-3-ஐயும் சேர்த்துப் பார்க்காமல் முடிவு சொல்ல வேண்டாம்.

கேள்வி: ஏடிஎம் (டிஎன்ஏ அறுந்ததைச் செல்லுக்கு உணர்த்தும் புரதம்) பட்டை மங்கலாக, சில நாள் இல்லாமலே வருகிறது.

பதில்: 350 கிலோடால்டன் புரதம் ஜெல்லை விட்டு வெளியே வரவே சிரமப்படும். 3–8% டிரிஸ்-அசிடேட் ஜெல், ஈர மாற்றம், குளிர் அறையில் 30 வோல்ட்டில் இரவு முழுவதும். மெத்தனாலை 20%-இலிருந்து 10%-க்குக் குறையுங்கள்; அது ஜெல்லைச் சுருக்கிப் பெரிய புரதங்களை உள்ளேயே பிடித்துவைக்கும். முடிந்ததும் ஜெல்லைக் கூமாசியில் (புரதத்தை நீலமாக்கும் சாயம்) நனைத்துப் பாருங்கள். மேல்பகுதியில் நீலம் தங்கியிருந்தால் ஆன்டிபாடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒப்பீட்டுக்கு ஆக்டின் உதவாது, அது ஜெல்லின் அடிவழியே ஓடிவிடும். பெரிய புரதமான வின்குலின் வையுங்கள்.

கேள்வி: நுண்ணோக்கியில் ராட்51 (அறுந்த டிஎன்ஏவைச் செப்பனிடும் புரதம்) புள்ளிகள் கதிர்வீச்சுக்குப் பின்னும் பாதிச் செல்களில்தான் தெரிகின்றன. உட்கரு முழுக்க மூட்டம் வேறு.

பதில்: பாதி என்பது குறையல்ல. ராட்51 பயன்படும் ஒத்த மறுசேர்க்கை (டிஎன்ஏவின் நகலைப் பார்த்துச் செப்பனிடும் வழி) எஸ், ஜி2 கட்டங்களில்தான், அதாவது டிஎன்ஏ நகலாகும்போதும் நகலான பின்பும்தான் நடக்கும். நகலாவதற்கு முந்தைய ஜி1 செல்லில் புள்ளியை எதிர்பார்க்கக் கூடாது. ஜெமினின் (எஸ், ஜி2 கட்டங்களில் இருக்கும், ஜி1-இல் இல்லாத புரதம்) ஆன்டிபாடியைச் சேர்த்து, ஜெமினின் உள்ள செல்களில் மட்டும் எண்ணுங்கள். ராட்51 ஆன்டிபாடி முயலில் உருவானது என்றால் ஜெமினினுக்கு எலியில் உருவானது வேண்டும், இல்லாவிட்டால் முதல் ஆன்டிபாடியைப் பிடித்து ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி இரண்டையும் பிடிக்கும். காமா-ஹெச்2ஏஎக்ஸை விட ராட்51 மெதுவாகச் சேரும், 4 முதல் 6 மணி நேரம் காத்திருங்கள். மூட்டம் என்பது டிஎன்ஏவில் ஒட்டாமல் மிதக்கும் ராட்51. செல்களை நிலைப்படுத்தும் முன், பனிக்கட்டி மேல் வைத்து 0.5% டிரைட்டான் எக்ஸ்-100 உள்ள பஃபரில் 5 நிமிடம் விட்டால் அது கழுவிப் போகும். பிறகு 4% பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம். டிரைட்டான் ஊற்றிய செல்கள் கவர்ஸ்லிப்பில் இலேசாகத்தான் ஒட்டியிருக்கும். பஃபரை ஓரமாகவே விடுங்கள், நேராகச் செல்கள் மேல் விட்டால் பெயர்ந்துவிடும்.