காக்டெய்ல் குலுக்கும் பழைய ஷேக்கரின் அடியில் 'இ.பி.என்.எஸ். ஏ1' என்று இருக்கிறது, இது வெள்ளியா? கூட வந்த அளவுக் கிண்ணத்தில் '1/6 கில்' என்று இருக்கிறது, அது என்ன?

வெள்ளி இல்லை, வெள்ளி முலாம். காயலான் கடையில் வெள்ளி விலை சொன்னால் தாராளமாகப் பேரம் பேசுங்கள்.

அந்த நான்கு எழுத்துக்கு எலக்ட்ரோ பிளேட்டட் நிக்கல் சில்வர் என்று பொருள். உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம், நம் பாத்திரக் கடைகளில் கொலுவுக்கும் தாம்பூலத்துக்கும் ஜெர்மன் சில்வர் என்று விற்கிறார்களே, அந்த வகைதான், அதிலும் துளி வெள்ளி கிடையாது. மின்சாரம் வைத்து வெள்ளி முலாம் பூசும் முறைக்கு பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் 1840இல் காப்புரிமை வாங்கினார்கள். அதற்கப்புறம்தான் இந்த மாதிரிச் சாமான்கள் மலிந்தன. 'ஏ1' என்பது பூச்சு நன்றாக இருக்கிறது என்று செய்தவரே சொல்லிக்கொள்வது, யாரும் சோதித்துக் கொடுத்த சான்று இல்லை. கூடவே 'ஷெஃபீல்ட்' என்று இருந்தாலும் அது ஊர்ப்பெயர்தான்.

இங்கிலாந்துச் சாமானில் நான் முதலில் தேடுவது படத்தை. அசல் ஸ்டெர்லிங் (நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி) என்றால் நடந்து போகிற சிங்கம் ஒன்று இருக்கும், பக்கத்தில் சோதித்த ஊரின் சின்னம் (பர்மிங்காமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை), ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து, செய்தவரின் முதலெழுத்துகள். முலாம்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, இ, பி, என், எஸ் நான்கையும் தனித்தனிக் கேடயத்துக்குள் அடித்து தூரத்திலிருந்து பார்த்தால் அசல் முத்திரை போலவே தெரிய வைத்திருப்பார்கள், அதனால் ஒரு லென்ஸ் கையில் இருப்பது நல்லது. அமெரிக்கச் சரக்கு வேறு கதை, அங்கே 'ஸ்டெர்லிங்' என்று எழுத்திலேயே அடித்துவிடுவார்கள்.

முத்திரை தேய்ந்து போயிருந்தால் விளிம்பையும் கைப்பிடியையும் பாருங்கள், பூச்சு முதலில் போவது அங்கேதான். சிவப்பாகத் தெரிந்தால் அடியில் செம்பு, லேசாக மஞ்சள் கலந்த சாம்பல் என்றால் நிக்கல் சில்வர், மங்கிய கருஞ்சாம்பல் என்றால் பிரிட்டானியா மெட்டலாக இருக்கலாம். கடைசியில் சொன்னது பெரும்பாலும் வெள்ளீயம், தட்டினால் மந்தமாகச் சத்தம் வரும், அடுப்பில் வைத்தால் உருகிவிடும். எங்குமே கறுக்காமல் நீலச்சாயலோடு பளபளத்தால் அது குரோமியம் பூசியது. காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒட்டினால் வெள்ளி இல்லை என்று சொல்லலாம், ஒட்டாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது, பித்தளையும் நிக்கல் சில்வரும்கூட ஒட்டாது.

கூட வந்த அளவுக் கிண்ணத்தில் '1/6 கில்' என்று இருப்பதாகச் சொல்கிறீர்கள். எனக்கு ஷேக்கரைவிட இதுதான் பிடித்திருக்கிறது! கில் என்பது பிரிட்டிஷ் அளவு, சுமார் 142 மில்லி. அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது கிட்டத்தட்ட 24 மில்லி, இங்கிலாந்து பப்களில் ஒரு ஊற்றுக்கு வழக்கமான அளவாக இருந்தது, 1995இல்தான் 25 மில்லிக்கு மாறினார்கள். ஆகவே கிண்ணம் பெரும்பாலும் அதற்கு முந்தியது. நம்மூர் ஸ்மால் 30 மில்லி, அதை மனதில் வைத்து ஊற்றினால் குறைவாகத்தான் வரும்.

துலக்கும்போது புளியும் நாரும் வேண்டாம், சபீனா வேண்டவே வேண்டாம், பூச்சு கையோடு வந்துவிடும். வெள்ளிக்குப் போடுகிற விபூதியை மெல்லிய துணியில் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் போதும், அதையும் அடிக்கடி செய்யாதீர்கள். வடிகட்டி ஓட்டைகளைச் சுற்றியோ உள்பக்கமோ பச்சை பிடித்திருந்தால் பூச்சு போய்ச் செம்பு கலந்த உலோகம் வெளியே வந்துவிட்டது, அதில் எலுமிச்சைச் சாறு ஊற்றிக் குலுக்காமல் அலமாரியில் வைத்துவிடுங்கள். உள்பக்கம் சுத்தமாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.