கள்ளியின் மேல் கள்ளி ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: பச்சைத் தண்டின் மேல் சிவப்பு உருண்டை உட்கார்ந்திருக்குமே, அந்த மூன் கேக்டஸ் ஒன்று வைத்திருந்தேன். அடித்தண்டு அழுகிவிட்டது, மேலே உருண்டை நன்றாகத்தான் இருந்தது. அடித்தண்டு மூன்று பட்டையாக இருந்ததால், அதே மாதிரி மூன்று பட்டையாக வளர்ந்திருந்த சதுரக்கள்ளியின் தலையைச் சீவி, அதன் மேல் உருண்டையை வைத்து ரப்பர் பேண்டு போட்டேன். வெட்டிய இடத்தில் பால் வடிந்தது, துடைத்துவிட்டேன். மூன்று வாரம் உருண்டை வாடவே இல்லை. பிடித்துக்கொண்டது என்று நினைத்து ரப்பரைக் கழற்றினால், தொட்டதும் உருண்டு விழுந்தது. இரண்டும் கள்ளிதானே? எங்கே தப்பு?

பதில்: கத்தி பிடித்ததில் தப்பில்லை, ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டீர்கள். அழுகிப்போனது பெரும்பாலும் டிராகன் பழக் கொடியின் தண்டாக இருந்திருக்கும். மூன் கேக்டஸை வழக்கமாக அதன் மேல்தான் ஒட்டுகிறார்கள். அந்தச் சிவப்பு உருண்டையில் பச்சையம் இல்லை, தனக்கு வேண்டிய உணவைத் தானே தயாரிக்க முடியாது. இன்னொரு செடியின் தோளில் உட்கார்ந்தால்தான் அதற்குப் பிழைப்பு. டிராகன் பழக் கொடியும் மூன் கேக்டஸும் ஒரே கேக்டஸ் குடும்பம். நீங்கள் சீவிய சதுரக்கள்ளியோ ஆமணக்குக் குடும்பத்து யூபோர்பியா.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. பால் வடியும் சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் யூபோர்பியா. பிற்பாடு அமெரிக்காவிலிருந்து சப்பாத்திக்கள்ளி வந்து சேர்ந்தபோது, முள்ளும் சதையும் இருக்கிறதே என்று அதையும் கள்ளி என்றே கூப்பிட்டுவிட்டோம். அது கேக்டஸ். இந்த இரண்டு வம்சங்களும் பிரிந்து 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. உருண்டையின் சிவப்பே சாட்சி: அது பீட்டாலைன் என்ற நிறமி. பீட்ரூட்டின் சிவப்பும், காகிதப்பூவின் சிவப்பும் அதே வகைதான். யூபோர்பியாக்களிடம் அந்த நிறமி கிடையாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உங்கள் உருண்டைக்குச் சதுரக்கள்ளியைவிட பீட்ரூட்தான் நெருங்கிய சொந்தம்.

அப்புறம் எப்படி இரண்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன? எல்லாம் தண்ணீர்க் கணக்கு. வறண்ட மண்ணில் ஒரு செடிக்குப் பெரிய செலவே இலைதான்; தட்டையாக விரிந்து வெயிலில் நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே இலை சுருங்குகிறது, அல்லது உதிர்ந்தே போகிறது. உணவு தயாரிக்கும் வேலை தண்டுக்கு வருகிறது, தண்டு பச்சையாகிறது. மழை பெய்யும் சில நாட்களில் கிடைப்பதைப் பிடித்து வைக்க வேண்டும், அதனால் தண்டு பருக்கிறது. ஆனால் வீங்கும்போது தோல் கிழியக் கூடாதே? அதற்குத்தான் அந்தப் பட்டைகள். ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல, நீர் ஏறினால் மடிப்பு விரியும், வற்றினால் மடங்கும். உள்ளே இவ்வளவு நீரைச் சேர்த்து வைத்தால் கடிக்க ஆள் வரும், ஆகவே முள். பகலில் மூச்சு விட்டால் நீர் போகும் என்பதால் தோலின் நுண்துளைகளை இரவில் மட்டும் திறக்கும் ஏற்பாட்டையும் இரு வம்சங்களும் தனித்தனியாகவே வந்தடைந்திருக்கின்றன. ஒன்று அமெரிக்கக் கண்டங்களில், மற்றது பெரும்பாலும் ஆப்பிரிக்காவில். யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. கேள்வி ஒன்றாக இருந்தது, உருப்படியான விடைகள் கொஞ்சமாக இருந்தன. இதைக் குவி பரிணாமம் என்பார்கள். இதே விடையை மூன்றாவதாக எழுதிய செடியும் உண்டு: கள்ளிமுளையான். அது எருக்கஞ்செடியின் குடும்பம்!

ஒரே விடையை எழுதினாலும் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். சுறாவும் டால்ஃபினும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் சுறா வாலைப் பக்கவாட்டில் வீசும், டால்ஃபின் மேலும் கீழும் அடிக்கும். நாலு கால் பாய்ச்சலில் முதுகை வளைத்து ஓடிய பாலூட்டிகளின் வழி வந்தது அல்லவா. கள்ளிகளில் அந்தக் கையெழுத்து முள்ளின் அடியில் இருக்கிறது. ஒரு பூதக்கண்ணாடி எடுத்துப் பாருங்கள். கேக்டஸில் ஒவ்வொரு முள் கொத்தும் பஞ்சு மாதிரியான சின்ன மெத்தையிலிருந்து கிளம்பும். அந்த மெத்தை கேக்டஸுக்கு மட்டுமே உரியது; அங்குள்ள முள் உருமாறிய இலை. சதுரக்கள்ளியில் மெத்தை இருக்காது; பட்டையின் விளிம்பில் முட்கள் ஜோடி ஜோடியாக நிற்கும். அவை இலைக்காம்பின் அடியில் வரும் செதில்கள் முள்ளாக மாறியவை. வேறு சில யூபோர்பியாக்களில் காய்ந்துபோன பூக்காம்பே முள்ளாகி நிற்கும். கைக்குக் கிடைத்ததை வைத்து வேலி கட்டியிருக்கிறது. பாலை மட்டும் நம்பாதீர்கள், சில மாமில்லேரியா கேக்டஸ்களிலும் பால் வரும். ஆனால் பட்டை பட்டையாக உயர்ந்து வளரும் தண்டை ஊசியால் குத்தி வெள்ளைப் பால் குபுக்கென்று வந்தால் அது யூபோர்பியாதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் ஒட்டுக்கு வருவோம். ஒட்டு என்பது பசை போட்டு ஒட்டுவது அல்ல. இரண்டு வெட்டுப்பரப்பிலும் புதுத் திசு வளர்ந்து, ஒன்றின் நீர்க்குழாய் மற்றதன் குழாயோடு சேர வேண்டும். உருவ ஒற்றுமை இதற்குப் பயன்படாது, சொந்தம்தான் பயன்படும். பெரெஸ்கியா என்றொரு கேக்டஸ் இருக்கிறது. அகன்ற இலையோடு சாதாரணக் கொடி போல இருக்கும், காட்டினால் யாரும் கேக்டஸ் என்று நம்பமாட்டார்கள். அதன் மேல் கிறிஸ்துமஸ் கேக்டஸ் ஜோராக ஒட்டும். மடகாஸ்கரில் அலுவாடியா என்ற முள்மரம் உண்டு. அது கேக்டஸே அல்ல, பக்கத்துக் குடும்பம், ஆனால் அந்தக் குடும்பத்துச் செடிகளையே சில கேக்டஸ்களின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். விதிவிலக்கு இல்லாமல் இல்லை: புகையிலை இனச் செடிகள் தூரத்துக் குடும்பங்களோடும் ஒட்டும் என்று 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதை நம்பி நீங்கள் சதுரக்கள்ளியில் இறங்க வேண்டாம்.

மூன்று வாரம் வாடாமல் இருந்தது எப்படி என்றால், அது சதுரக்கள்ளி ஊட்டியதல்ல. உருண்டை தன் சொந்தச் சேமிப்பில் காலம் தள்ளியது. கூடவே, காய்ந்த பால் இரண்டுக்கும் நடுவே பசை போல இருந்து உங்களை ஏமாற்றியிருக்கலாம்.

உருண்டையின் அடி இன்னும் கெட்டியாக இருக்கிறதா? அழுத்திப் பாருங்கள். கெட்டி என்றால், நல்ல சதை தெரியும்வரை அடியை மெல்லிய வில்லைகளாகச் சீவுங்கள். வெட்டுக்கு நடுவே ஒரு சிறு வளையம் தெரியும், அதுதான் குழாய்கள் ஓடும் இடம். டிராகன் பழத் தண்டின் வெட்டிலும் அதே வளையம் இருக்கும். இரண்டு வளையங்களும் ஓரிடத்திலாவது ஒன்றையொன்று தொட்டே ஆக வேண்டும். அளவு வேறுபட்டால் நட்ட நடுவில் வைக்காமல் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வையுங்கள். பலர் தோற்பது இங்கேதான். வெட்டிய கையோடு, பரப்பு காய்வதற்குள் சேர்த்து ரப்பர் போட்டு, நிழலில் வைத்து, வெட்டில் தண்ணீர் படாமல் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள்.

கடைசியாக அந்தப் பால் விஷயம். நீங்கள் துடைத்தேன் என்று சாதாரணமாக எழுதியதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. யூபோர்பியாப் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் கருவிழியையே பாதிக்கும். கையுறை போடுங்கள், கத்தியையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள், துடைத்த துணியை எறிந்துவிடுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, எரிச்சல் இல்லையென்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். தலை சீவிய சதுரக்கள்ளியைப் பற்றிக் கவலை வேண்டாம், பக்கத்தில் கிளைத்துவிடும். சீவி எடுத்த துண்டையும் எறியாதீர்கள். ஒரு வாரம் நிழலில் காயவிட்டு மணல் கலந்த மண்ணில் நட்டால் வேர் பிடிக்கும்.