பக்கத்தில் ஆள் இருந்தால் மகனின் பேச்சு மாறுகிறது

கேள்வி: என் மகன் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறான். ஊரில் இருந்தவரை 'அங்கன, இங்கன, வாரேம்மா' என்று நம்ம பேச்சுதான். இப்போது போனில் பேசும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் சட்டென்று பேச்சு மாறிவிடுகிறது. 'மெட்ராஸ்காரன் வந்துட்டான்' என்று அவன் அக்கா கிண்டல் செய்தால் போனை வைத்துவிடுகிறான். எங்களை நினைத்து வெட்கப்படுகிறானா?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: 'பக்கத்தில் யாராவது இருந்தால்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அம்மா. தனியாக இருக்கும்போது இன்னும் 'வாரேம்மா' தானே? அப்படியென்றால் பேச்சு எங்கேயும் போய்விடவில்லை, ஆளுக்குத் தக்கபடி மாறுகிறது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் மார்த்தாஸ் வின்யார்ட் என்று ஒரு தீவு, கோடை வந்தால் வெளியூர்க்காரர்கள் குவிந்துவிடுவார்கள். வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் அங்கே 69 பேரின் பேச்சைக் கேட்டு ஆராய்ந்து 1963-ல் வெளியிட்டார். 'ரைட்', 'ஹவுஸ்' போன்ற சொற்களை யார் தீவு வழக்கப்படி சொல்கிறார்கள் என்று பார்த்தால், இது எங்கள் மண், இங்கேதான் இருப்போம் என்று நினைத்தவர்களிடம் அது தூக்கலாக இருந்தது. தீவைவிட்டுப் போக நினைத்தவர்களிடம் குறைவு. உங்களை மாதிரியே ஓர் அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார்: என் மகன் முன்பெல்லாம் இப்படித் தீவுப் பேச்சு பேசியதில்லை, காலேஜ் முடித்துத் திரும்பிய பிறகுதான், துறைமுகத்து ஆட்களைப் போல இருக்க ஆசைப்படுகிறான் போல என்று.

உங்கள் மகனுக்கு இப்போது அந்த ஆட்கள், ஹாஸ்டல் ரூம் பையன்கள். 18, 19 வயதில் தெரியாத ஊரில் அவர்களோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முடியாது. முதல் வருஷம் அவன் 'அங்கன' என்றதும் யாராவது சிரித்திருக்கலாம். அப்படிச் சிரித்திருந்தால் தப்பு சிரித்தவர்கள் பக்கம்தான், அவன் வாயை மூடிக்கொண்டதில் எனக்கு வருத்தம் உண்டே தவிர கோபம் இல்லை. ஆனால் வீட்டிலும் அக்கா சிரித்தால் அவன் எந்தப் பேச்சைத்தான் பேசுவான்? அந்தக் கிண்டலை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

அப்புறம், அவன் எப்படிப் பேசினாலும் சரி, நீங்கள் உங்கள் பேச்சை மாற்றாதீர்கள். 'சாப்ட்டியால?' என்றே கேளுங்கள். பொங்கலுக்கு ரூம் பையன்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டில் மாமாவைப் பார்த்ததும் அவன் எப்படிக் கூப்பிடுகிறான் என்று அவர்களும் கேட்கட்டும்.