நெரிசல் கட்டணமும் நகரத்துக் காற்றும்

கேள்வி: பெருநகரங்களின் மையப் பகுதிக்குள் நுழையும் வண்டிகளிடம் கட்டணம் வசூலித்தால் அங்கே காற்று மாசு குறையும் என்கிறார்களே, அது உண்மைதானா, அல்லது கஜானாவை நிரப்ப ஒரு சாக்கா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்மைதான், ஆனால் எவ்வளவு குறையும் என்பது எந்த வண்டியிடம் வசூலிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஸ்வீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரி முதல் ஜூலை வரை இக்கட்டணத்தைச் சோதனையாக வசூலித்தார்கள்; பிறகு நிறுத்திவிட்டு, செப்டம்பரில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 2007 ஆகஸ்டில் நிரந்தரமாக்கினார்கள். கட்டணப் பகுதியின் எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. இடையில் வசூல் நின்றபோது அது மறுபடியும் ஏறியதால், குறைந்ததற்குக் காரணம் கட்டணமே என்பதில் ஐயம் எழவில்லை. ஜேனட் கறி உள்ளிட்ட பொருளியலாளர்களின் ஆய்வு, நகர மையத்தில் காற்று மாசு 5 முதல் 15 சதவீதம் வரை குறைந்ததாகவும், கடும் ஆஸ்துமாவுக்காகச் சிகிச்சைக்கு வந்த சிறு குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய பாதியாகச் சரிந்ததாகவும் கூறுகிறது. மாசு உடனே குறைந்தாலும் நோய் மெல்ல மெல்லத்தான் குறைந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஓராண்டுக் கணக்கை மட்டும் பார்த்துத் திட்டத்தை எடைபோடுபவர்கள் அதன் பெரும் பயனைத் தவறவிட்டுவிடுவார்கள்.

கட்டணத்துக்கு எட்டாத மாசும் உண்டு. குளிர்காலத்தில் பனிக்கட்டியில் வழுக்காமலிருக்க அங்கே ஆணி பதித்த டயர்களை மாட்டுகிறார்கள். அவை தார்ச்சாலையைச் சுரண்டிக் கிளப்பும் நுண்துகள் புகைக்குழாயிலிருந்து வருவதன்று என்பதால், ஹோர்ன்ஸ்காட்டான் என்னும் தெருவில் 2010-இல் அந்த டயர்களுக்கே தடை விதிக்க வேண்டியதாயிற்று.

லண்டனில் 2003 பிப்ரவரியில் 5 பவுண்டு கட்டணம் தொடங்கியபோது நெரிசல் குறைந்த அளவுக்குக் காற்று தூய்மையடையவில்லை. விலக்குப் பெற்ற பேருந்துகளும் டாக்ஸிகளும் பெரும்பாலும் டீசலில் ஓடியவை என்பதோடு, கட்டணமும் நெரிசலைக் குறிவைத்ததே தவிரப் புகையை அன்று. 2019 ஏப்ரலில், அதிகம் புகை கக்கும் பழைய வண்டிகளிடம் இரவு பகல் பாராமல் தனிக் கட்டணம் வாங்கத் தொடங்கிய பிறகுதான் வண்டிப் புகையிலுள்ள நச்சு வாயுவான நைட்ரஜன் டை ஆக்ஸைடு தெளிவாக இறங்கியது.

கஜானாவைப் பற்றிய உங்கள் சந்தேகத்தையும் தள்ளிவிட முடியாது. லண்டனில் நிகர வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது; ஸ்டாக்ஹோமிலோ நிரந்தரமான பின் அந்தப் பணத்தைப் புதிய சாலைகள் போடுவதற்கு ஒதுக்கினார்கள், அது எனக்கு ஏற்புடையதாக இல்லை.