எஞ்சின் வேலை முடிந்தும் மேல் வேகத்தில் இழுவை இல்லையா? கேள்வி பதில்

எஞ்சினைப் பிரித்துப் பிஸ்டன், ரிங் மாற்றி 'எஞ்சின் வேலை' பார்த்த பழைய கார்களைப் பற்றிக் குமரி மாவட்டத்து நண்பர்கள் பலர் ஒரே புகாரைச் சொல்கிறார்கள். ஐட்லிங் நன்றாக நிற்கிறது, ஊருக்குள் ஓட்ட சுகம், ஆனால் வேகம் எடுக்கும்போது மட்டும் வண்டி படுத்துவிடுகிறது. சிலர் மறுபடியும் எஞ்சினை இறக்கக் கிளம்பிவிட்டார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் கோளாறு சிலிண்டர் போரிலோ பிஸ்டனிலோ இருக்காது. வேலையின்போது கழற்றி மாட்டிய வெளிப் பாகங்களில்தான் இருக்கும்.

தக்கலை, கார்புரேட்டர் மாருதி 800: அண்ணே, சிலிண்டரைக் கடைந்து போர் பண்ணி பிஸ்டன், ரிங் எல்லாம் புதுசு. 1500 கி.மீ. ஓடிவிட்டது. மூன்றாவது கியரில் 60-ஐத் தாண்ட முக்குகிறது. ரிங் இன்னும் செட் ஆகவில்லை என்கிறார் மெக்கானிக்.

ரிங் செட் ஆகாத எஞ்சின் ஆயில் குடிக்கும், நீலப் புகை விடும், கீழ் வேகத்திலும் சோர்ந்துதான் ஓடும். உங்கள் வண்டி கீழே நன்றாக இழுக்கிறது என்றால் ரிங் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

முதலில் காசில்லாத சோதனை. எஞ்சினை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். ஒருவர் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கட்டும். கார்புரேட்டருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் தகடு, அதாவது பட்டர்ஃபிளை, நேராக நிமிர்ந்து நிற்கிறதா? கேபிள் தொய்வாக மாட்டியிருந்தால் முக்கால்வாசிதான் திறக்கும். இதைப் பார்க்காமலே ஹெட்டைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து டைமிங் பெல்ட். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒரு பல் முந்தி மாட்டப்பட்டிருந்தால் கீழ் இழுவை நன்றாகவே இருக்கும், மேலே மட்டும் செத்துவிடும். ஒரு பல் பிந்தியிருந்தால் தலைகீழ், கிளம்பவே சிரமப்படும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்கை ஸ்பேனரால் அது ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, கிராங்க் மார்க்கை நேராக வைத்துக் கேம் மார்க்கைப் பாருங்கள். பெல்ட் தவறியிருப்பதை டெல்கோவை (பிளக்குகளுக்கு நெருப்பைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர்) திருப்பிக் காதால் டைமிங் வைத்து மறைத்துவிட முடியும். அதனால் 'டைமிங் சரியாத்தான் இருக்கு' என்று சொன்னால் போதாது. மார்க்கைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டும் சரி என்றால் வண்டி எப்படிப் படுக்கிறது என்பதைக் கவனியுங்கள். முழு மிதியில் சில விநாடி நன்றாகப் போய், பிறகு மெல்ல அடங்கி, காலை எடுத்து மறுபடி மிதித்தால் கொஞ்ச நேரம் உயிர் வருகிறதா? அது பெட்ரோல் பற்றாக்குறை. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணம் காலியாகும் வேகத்துக்கு நிரம்பவில்லை. டப் டப் என்று வெட்டி வெட்டிப் போனால் பிளக் நெருப்பில் கோளாறு. வெட்டாமல், சுவரில் முட்டியதுபோல ஒரே இடத்தில் நின்றால் காற்றோ புகையோ போகும் வழி அடைத்திருக்கிறது. எல்லா கியரிலும் ஒரே எஞ்சின் வேகத்தில் படபட சத்தத்தோடு நின்றால் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். புது பிஸ்டன் போடும்போது பழைய ஸ்பிரிங்கையே மாட்டுவது நம் பக்கம் சகஜம்.

உங்களுடையது முதல் வகை என்றால் எஞ்சின் ஓட்டும் பெட்ரோல் பம்பைப் பாருங்கள். அதற்கும் ஹெட்டுக்கும் நடுவில் கனமான பேக்கிங் வைத்திருந்தால் பம்ப் கையின் அசைவு குறைந்துவிடும். ஐட்லிங்குக்கு அந்தப் பெட்ரோல் போதும், வேகத்துக்குப் போதாது.

நாகர்கோவில், பிரீமியர் பத்மினி: நியூட்ரலில் மிதித்தால் சீறுகிறது. ரோட்டில் 70-க்கு மேல் வெட்டுகிறது.

ஐயா, நியூட்ரல் சோதனையை நம்பாதீர்கள். சுமை ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பிளக் இடைவெளியைத் தாண்ட நெருப்புக்கு இன்னும் அதிக வோல்ட் வேண்டும். பலவீனமான காயில், கண்டென்சர், தேய்ந்த பாயிண்ட் எல்லாம் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் வண்டியில் நான் முதலில் தொடுவது டெல்கோதான். மூடியைக் கழற்றி, ரோட்டரை அது சுற்றும் திசையில் விரலால் திருப்பி விடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் நின்றாலோ, மண்ணை அரைப்பதுபோல உராய்ந்தாலோ, வேகத்துக்கு ஏற்ப நெருப்பை முந்த வைக்கும் உள் எடைகள் இறுகிவிட்டன. எஞ்சின் வேலையின்போது டெல்கோவை மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விடாமல் அப்படியே மாட்டினால் இப்படித்தான் ஆகும். வேகம் கூடும்போது நெருப்பு முந்த வேண்டும். முந்தாவிட்டால் இழுவையும் போகும், எஞ்சினும் சூடாகும். சுத்தம் செய்து, சுழலும் இடங்களில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, டைமிங் லைட்டில் பாருங்கள். வேகம் ஏற ஏற மார்க் நகர வேண்டும்.

குலசேகரம், பெட்ரோல் அம்பாசிடர்: வேலை முடிந்த புதிதில் பேச்சிப்பாறை ரோட்டில் பறந்தது. சில மாதங்களாக ஏற்றத்தில் திணறுகிறது.

டப்பட் இடைவெளியை, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதைத் தட்டும் ராக்கருக்கும் நடுவிலுள்ள சந்தை, அளந்து பாருங்கள். முன்பு வைத்ததைவிடக் குறைந்திருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து ஹெட் அது. 2000-இல் நாடு முழுவதும் ஈயம் நின்றுவிட்டது. ஈயம்தான் அந்த வார்ப்பிரும்புச் சீட்டுக்குப் பாதுகாப்பாக இருந்தது. இப்போதைக்கு இடைவெளியைச் சரிசெய்து ஓட்டுங்கள். மறுபடி குறைந்தால் ஹெட்டை மட்டும் இறக்கி, லேத்தில் கடினமான சீட் ரிங் போடச் சொல்லுங்கள். கீழ் எஞ்சினைத் தொட வேண்டாம்.

குளச்சல்: கடலோரத்தில் வருடக்கணக்கில் நின்ற வண்டி. எஞ்சின் புதுசு, ஃபில்டர் புதுசு, ஆனாலும் ஐந்து கிலோமீட்டரில் அடங்கிவிடுகிறது.

டேங்க்தான் தம்பி. உள்ளே துருப்பிடித்திருக்கும், அந்தத் தூள் உறிஞ்சு குழாயின் வாயை அடைக்கிறது. டேங்க் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கிறதா என்றும் பாருங்கள். இழுத்தால் காற்றுத் துளை அடைப்பு. பழைய ரப்பர் ஹோஸ்களையும் மாற்றுங்கள், இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் அவற்றை அரித்துவிடும். உப்புக்காற்றில் எர்த் ஒயர் நுனி பச்சை பூத்திருந்தால் அதையும் சுரண்டிவிடுங்கள்.

மார்த்தாண்டம், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீச்சும்) மாருதி ஜென்: ஆயில் குடித்ததால் எஞ்சின் வேலை பார்த்தேன் அண்ணே. புகை நின்றது, இழுவை வரவில்லை.

நீங்கள் காரணத்தைப் பாதி சொல்லிவிட்டீர்கள் தங்கச்சி. வேலைக்கு முன்னால் எரிந்த ஆயில் எங்கே போனது? சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் படிந்து அடைத்திருக்கும். இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜ் மாட்டுங்கள். நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். 2500 ஆர்பிஎம்மில் நிலையாகப் பிடியுங்கள். முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தால் அடைப்பு உறுதி.

ஆரல்வாய்மொழி: வள்ளியூர் போகும்போது நன்றாகப் போகிறது, திரும்பும்போது இழுவை இல்லை.

தென்மேற்குப் பருவக்காற்று காலமா? அப்படியானால் கணவாய்க் காற்று போகும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் அடிக்கும். காற்று அடங்கிய விடியற்காலையில் இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தோவாளை: போன வாரம்தான் வேலை முடிந்தது. இப்போதே வேகம் பார்க்கலாமா?

வேண்டாம். முதல் 1000 கி.மீ. முழு மிதி மிதிக்காதீர்கள், ஒரே வேகத்திலும் நெடுநேரம் ஓட்டாதீர்கள். அப்புறம் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, டப்பட் ஒருமுறை பார்த்துவிட்டு வேகச் சோதனை செய்யலாம்.