சி மொழியின் எஸ்டிடி ஐஓ நூலகம் எதற்கு? நிரல் நேராகக் கோப்பில் எழுதினால் ஆகாதா?

நிரலுக்குள் வருகிற, நிரலிலிருந்து போகிற எழுத்துகளின் வரிசையை ஓடை என்பார்கள். மறுமுனையில் விசைப்பலகையோ, கோப்போ, திரையோ எது இருந்தாலும் ஒரே விதமாகக் கையாள உதவும் ஆயத்த நிரல்தொகுப்புதான் எஸ்டிடி ஐஓ.

இயங்குதளத்துக்கு இயங்குதளம் கோப்பைத் திறக்கும் முறை வேறு. வரி முடிவைக்கூட விண்டோஸ் இரண்டு குறிகளால் காட்டும். யூனிக்ஸுக்கு ஒன்றே போதும். இத்தகைய தொல்லையைத் தீர்க்க 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதிய நூலகமே இதன் முன்னோடி. 1979இல் யூனிக்ஸ் 7ஆம் பதிப்புடன் எஸ்டிடி ஐஓ பரவியது.

இதைவிடப் பெரிய உபகாரம் என்று நான் கருதுவது, எழுதுவதைச் சேர்த்துவைத்து அனுப்புவது. ஒவ்வோர் எழுத்துக்கும் இயங்குதளத்தைக் கூப்பிட்டால் நிரல் நொண்டியடிக்கும். பஸ் கண்டக்டர் ஒவ்வொரு டிக்கெட் காசையும் ஓடிப்போய் டிப்போவில் கட்டுவதில்லை. பையில் சேர்த்து மொத்தமாகக் கட்டுகிறார். நூலகமும் அப்படித்தான். (திரைக்கு எழுதும்போது மட்டும் வழக்கமாக வரிக்கு வரி அனுப்பிவிடும்.)

எழுதும் கட்டளை முடிந்ததுமே தரவு வட்டில் ஏறிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது இன்னும் பையிலேயே இருக்கலாம்; நடுவே நிரல் முறிந்தால் கடைசி வரிகள் காணாமல் போவது அதனால்தான். பையை உடனே காலிசெய்யச் சொல்லும் 'எஃப்ஃப்ளஷ்' கட்டளையும் தரவை இயங்குதளத்திடம் ஒப்படைக்குமே தவிர, வட்டில் ஏறியதற்கு உத்தரவாதம் தராது.